ஆற்றுநீர்ப் பரிசோதனைப் பெட்டி: தாமிரபரணிக் கரையில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

பள்ளி, கல்லூரிகளின் பசுமை மன்றங்களுக்கும் ஆற்றைக் காக்க முனையும் ஊர்க் குழுக்களுக்கும் என்று விற்கப்படும் ஆற்றுநீர்ப் பரிசோதனைப் பெட்டிகளுள் ஒன்றை வாங்கி, எங்கள் கல்லூரி மாணவர்களோடு பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் பல இடங்களில் பயன்படுத்தி வருகிறோம். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றிலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் பெட்டிக்குள் இருப்பவை எதற்கு உதவுகின்றன, எதற்கு உதவுவதில்லை என்பதே வாங்க நினைப்பவருக்குத் தேவை என்று கருதி, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியைத் திறந்தவுடன் எல்லோரும் கையில் எடுக்கும், நீரில் கரைந்த திடப்பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா தாமிரபரணியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. யாரும் ஆர்வத்தோடு தொடாத கண்ணாடிப் புட்டியும் வலையும்தான் இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு உரியவை.

பெட்டியில் இருப்பவை: டி.டி.எஸ். பேனா, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பேனா, வெப்பமானி, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறைக்கான புட்டியும் வினைபொருள்களும், அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றுக்கான நிற ஒப்பீட்டுச் சோதனைகள், குளோரைடுக்கும் கடினத்தன்மைக்குமான சொட்டுத் தரம்பார்த்தல், கிருமிச் சோதனைக்கான குப்பிகள், ஆற்றடிப் பூச்சிகளைப் பிடிக்கும் கைவலை, அவற்றை இனங்காண உதவும் வண்ண அட்டை, ஒரு கையேடு.

டி.டி.எஸ். பேனாவில் தொடங்குகிறேன், ஏனெனில் தவறான நம்பிக்கை அங்கேதான் அதிகம். இந்தப் பேனா கரைந்த திடப்பொருள்களை நேரடியாக அளப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. எந்த எண்ணால் பெருக்குகிறது என்பது பேனாவுக்குப் பேனா மாறுவதால், இரண்டு குழுக்கள் ஒரே படித்துறையில் அளந்தாலும் வெவ்வேறு விடை வரும். நல்லவேளையாக எங்கள் பேனாவில் மின்கடத்துதிறனை மைக்ரோசீமென்ஸிலேயே காட்டும் பொத்தான் உண்டு. பதிவேட்டில் அந்த எண்ணை மட்டுமே எழுதுமாறு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். 1413 மைக்ரோசீமென்ஸ் திட்டக் கரைசல் ஒரு சிறு பொட்டலம் பெட்டியுடன் வருகிறது. அது தீர்ந்தபின் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திட்டக் கரைசல் இல்லாமல் பேனாவை நம்பக்கூடாது.

பேனா சரியாக அளந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பொதிகை மலையின் கடும்பாறைகள் மேல் ஓடிவரும் தாமிரபரணி இயல்பாகவே உப்புக் குறைந்த மென்னீர். பாபநாசத்துக்கு மேலே நூறுக்கும் கீழாக நிற்கும் டி.டி.எஸ்., திருநெல்வேலி நகரின் சாக்கடைகள் கலந்த பின்னும் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவைத் தொடுவதில்லை. ஆகவே பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குபவர், கழிவுநீர் கலக்கும் இடத்தில் நின்றுகொண்டே 'நீர் நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட முடியும். இந்த ஆற்றின் நோய் உப்பல்ல. மலமும் சாக்கடையும் வயல் வடிகாலும்தான். அவற்றில் உப்பு சிறிதளவே கூடுகிறது. ஆக்சிஜனைத் தின்னும் கரிமப் பொருளும் கிருமிகளும்தான் பெருகுகின்றன.

இதே பேனாவை நொய்யல் கரைக்குக் கொண்டுபோனால் கதை முற்றிலும் மாறுகிறது. திருப்பூரின் சாயப்பட்டறைகளில் பருத்திப் பின்னலாடைக்குச் சாயம் ஏற்றுவதற்குச் சாதாரண உப்பும் கிளாபர் உப்பும் பெருமளவில் தேவைப்படுவதால், அந்தக் கழிவின் முதன்மை அடையாளமே கரைந்த உப்புதான். பாசனத்துக்காகக் கட்டி 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் இடமாக மாறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை இறுகியதும் அந்த வட்டாரத்து விவசாயிகள் அறிந்த வரலாறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர்ப்பயன் வகைப்பாட்டில் பாசனத்துக்குரிய கடைசி வகைக்கு மின்கடத்துதிறன் 2250 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் போகக்கூடாது. நொய்யலில் இரவோடு இரவாகக் கழிவு திறந்துவிடப்பட்டால், காலையில் அந்தப் பேனா ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நான் குறை சொல்வது கருவியை அல்ல. எந்த ஆற்றுக்கு எது முதன்மை என்று ஒரு வரிகூடச் சொல்லாத கையேட்டைத்தான்.

பி.எச். பேனா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் குறைந்த மலைநீரில் அதன் எண் நிலைகொள்ள நெடுநேரம் பிடிக்கிறது; அவசரப்பட்டு முதல் எண்ணை எழுதக்கூடாது. முனையைக் காய்ச்சிவடித்த நீரில் வைக்காமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்து வைக்க வேண்டும் என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்கிறது.

இனி, பெட்டியின் உயிர்நாடியான ஆக்சிஜன் புட்டிக்கு வருகிறேன். 1888 இல் விங்க்லர் வகுத்த இந்த முறை இன்றும் ஆக்சிஜன் அளக்கும் மின்முனைகளைச் சரிபார்ப்பதற்கான அளவுகோலாக இருக்கிறது. புட்டியைக் குமிழி இல்லாமல் நீரில் மூழ்கடித்து நிரப்ப வேண்டும்; மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்தவுடன் பழுப்பு வீழ்படிவு படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. எண் கிடைப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் இந்த ஒரு காட்சி மாணவர்களிடம் ஏற்படுத்தும் தாக்கத்தை வேறெந்தச் சோதனையும் ஏற்படுத்தவில்லை. பிறகு அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மாவுக் கரைசலின் நீலம் மறையும் வரை எண்ண வேண்டும். இந்தப் பெட்டியில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு அரை மில்லிகிராம். ஆய்வகத் துல்லியம் அல்ல. ஆனால் குளிப்பதற்குரிய நீருக்கு 5, மீன் வாழ்வதற்கு 4 என்று வாரியம் வகுத்துள்ள எல்லைகளைப் பிரித்தறிய அது போதும்.

இதில் கையேடு செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. 'எட்டுக்கு மேல் இருந்தால் நல்ல ஆறு, ஆறிலிருந்து எட்டு வரை நடுத்தரம்' என்று ஒரு அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள். குளிர்நாட்டு ஆறுகளுக்கு அது பொருந்தலாம். நீர் சூடாக ஆக அதில் கரையக்கூடிய ஆக்சிஜன் குறையும்: 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம், 25 இல் 8.3, 30 இல் 7.5 அளவே நீர் தாங்கும். சித்திரை, வைகாசியில் சேரன்மகாதேவிக்குக் கீழே 30 பாகையைத் தாண்டும் ஆற்றில் 7 மில்லிகிராம் கிடைத்தால், அந்த நீர் தன்னால் இயன்ற அளவு ஆக்சிஜனோடு ஓடுகிறது என்று பொருள். அதை நடுத்தரம் என்று எழுதுவது ஆற்றுக்கு இழைக்கும் அநீதி. வெப்பநிலையையும் சேர்த்து எழுதி, அந்த வெப்பநிலையில் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனில் எத்தனை பங்கு இருக்கிறது என்று செறிவு விழுக்காடாகக் கணக்கிடுவதே முறை. வெப்பமானி பெட்டியிலேயே இருக்கும்போது வெப்பநிலைவாரியான செறிவளவு அட்டவணையைத் தர என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

எதிர்த் திசையிலும் ஏமாற வாய்ப்புண்டு. பாசி அடர்ந்த தேங்கிய பகுதியில் உச்சி வெயிலில் அளந்தால், ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் செறிவெல்லையையும் தாண்டி நிற்கும். அதே இடத்தில் விடியலுக்கு முன் மீன்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கக்கூடும். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிய இடங்களிலோ, மேற்பரப்பு அடைபட்டு, அடியில் அழுகும் செடிகளே ஆக்சிஜனை உறிஞ்சுவதால் நண்பகலிலும் எண் தாழ்ந்தே இருக்கிறது. எனவே எந்த நேரத்தில் அளந்தோம் என்பது எண்ணுக்குச் சமமான தகவல். முடிந்தவரை சூரியன் எழும் வேளையில் அளப்பது நல்லது. முடியாதபோது ஒவ்வொரு முறையும் ஒரே மணிக்காவது அளக்க வேண்டும்.

வினைபொருள்களின் ஆயுளைப் பற்றி வாங்குவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். திருநெல்வேலி வெயிலில் தகரக் கூரை அறையில் வைக்கப்பட்ட தயோசல்பேட்டு வலுவிழக்கும். வலுவிழந்த கரைசலில் கூடுதல் சொட்டுகள் தேவைப்படுவதால், ஆக்சிஜன் உள்ளதை விட அதிகமாகத் தெரியும். அதாவது, பெட்டி பழையதாக ஆக ஆறு சுத்தமாகிக்கொண்டே போவதாகப் பதிவேடு சொல்லும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒரு குடத்துக் கிணற்று நீரை நன்றாகக் குலுக்கிக் காற்றூட்டி, வெப்பநிலையைக் குறித்து, அந்த வெப்பநிலைக்குரிய செறிவளவு கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு முறை ஆற்றுக்குப் போவதற்கு முன்பும் இதைச் செய்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. பாஸ்பேட் சோதனைக்குரிய ஸ்டானஸ் குளோரைடும் காற்றுப் பட்டுக் கெடும். நிறம் வெளிறித் தெரிந்தால் பாஸ்பேட் இல்லை என்று முடிவுகட்டும் முன் புட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

அம்மோனியாச் சோதனை தாமிரபரணிக்கு மிகவும் ஏற்றது. புதிய சாக்கடை எங்கே கலக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டுவதில் அதற்கு நிகர் இந்தப் பெட்டியில் வேறில்லை. கார், பிசானப் பருவ நெல்லுக்கு மேலுரம் இட்ட பின் வயல் வடிகால் வாய்க்கால்களிலும் அது எழுவதைப் பார்க்கலாம். ஆனால் நிற அட்டையில் கிடைக்கும் எண் மொத்த அம்மோனியா. மீன்களைக் கொல்வது அதில் அயனியாகாமல் இருக்கும் தனித்த வடிவம். வாரியம் மீன்வளத்துக்கு வகுத்துள்ள லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் எல்லையும் அந்தத் தனித்த வடிவத்துக்கே உரியது. 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே தனித்த வடிவில் இருக்கும், பி.எச். 8.5 ஆனால் அது ஐந்தில் ஒரு பங்காகும். இந்தக் கணக்கைக் கையேடு தொடவே இல்லை. அட்டையின் எண்ணை அப்படியே எல்லையோடு ஒப்பிட்டு 'மீன்கள் வாழ முடியாது' என்று அறிக்கை எழுதிய குழுக்களை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் குறை வேறொன்று. அம்மோனியாவுக்கான நெஸ்லர் வினைபொருளில் பாதரசம் இருக்கிறது; குளோரைடுச் சோதனையில் வெள்ளியும் குரோமேட்டும் இருக்கின்றன; ஆக்சிஜன் புட்டிக்குள் அசைடும் அடர் அமிலமும் சேர்கின்றன. சோதனை முடிந்த நீரை எங்கே கொட்டுவது என்று கையேட்டில் ஒரு சொல் இல்லை. கழிவைச் சேர்த்துவைக்க ஒரு காலிப் புட்டியும் இல்லை. ஆற்றைக் காக்க வந்த பிள்ளைகள் பாதரசத்தை ஆற்றிலேயே ஊற்றிவிட்டுப் போகும்படி ஒரு பெட்டி வடிவமைக்கப்பட்டிருப்பதை ஏற்கவே முடியாது. மூடி இறுகிய நெகிழிக் கேன்களை வினைபொருளுக்கு ஒன்றாகக் குறியிட்டு எடுத்துச் செல்லுங்கள்; நிறைந்ததும் வேதியியல் ஆய்வகத்தின் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். கையுறை தந்திருக்கிறார்கள்; கண்ணைக் காக்கும் கண்ணாடி தரவில்லை. அமிலத்தைக் கையாளும் மாணவருக்குக் கண்ணாடி இல்லாமல் சோதனையைத் தொடங்காதீர்கள்.

கிருமிச் சோதனைக் குப்பிகளை வாங்காமலே விடலாம். 1982 இல் குவாலியரின் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனத்தில் உருவான இந்த முறை, ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும் குடல்வாழ் கிருமிகள் இருந்தால் ஓரிரு நாளில் நீரைக் கறுப்பாக்கும். கைப்பம்பும் குழாயும் குடிக்கத் தகுந்தவையா என்று ஊரில் சோதிக்க அது அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் மாடு குளிக்கும், மனிதர் குளிக்கும் எந்த ஆற்றிலும் குப்பி கறுக்கத்தான் செய்யும். மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு என்றால் ஆற்றைப் பற்றி நாம் புதிதாக ஒன்றும் அறியவில்லை. குளிக்கும் நீருக்கு 100 மில்லிலிட்டரில் மலக்கோலிஃபார்ம் (மலத்தில் காணப்படும் குடல் கிருமிகள்) 500 விரும்பத்தக்கது, 2500 உச்சவரம்பு என்று எண்ணிக்கையில்தான் தரம் இருக்கிறது; எண்ணிக்கை வேண்டுமென்றால் நுண்ணுயிர் நீக்கிய புட்டியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வலையைப் பற்றி எழுதும்போது எனக்கு உற்சாகம் கூடுகிறது. ஓடும் நீரில் வலையை ஊன்றி, அதற்கு மேற்புறமாக ஆற்றடிக் கற்களைக் காலால் கலைத்தால், கற்களின் அடியில் ஒட்டி வாழும் பூச்சிகள் வலைக்குள் வந்து சேரும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் ஆற்றின் கடந்த சில மாத வரலாறு தட்டில் கிடக்கும். வேதிச் சோதனை அந்த நொடியின் நீரைச் சொல்கிறது. நேற்றிரவு திறந்துவிடப்பட்டு இன்று காலை கடந்துபோன கழிவை அது காணாது. ஆனால் அந்தக் கழிவில் செத்த பூச்சி இன்று தட்டில் இருக்காது. பாபநாசத்துக்கு மேலே பாறைகளுக்கிடையே மூன்று வாலும் வயிற்றோரச் செவுள்களும் கொண்ட மேஃபிளை இளம்பூச்சிகளும், மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ் புழுக்களும், அவற்றோடு இரண்டு வால் கொண்ட கல்ஈக்களும் கிடைக்கின்றன. நகரைத் தாண்டிக் கொக்கிரகுளத்துக்குக் கீழே தட்டில் தெரிவது சிவந்த இரத்தப்புழுக்கள், மண்புழு போன்ற மெல்லிய டியூபிஃபெக்ஸ், அட்டைகள், நத்தைகள். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழத் தெரிந்தவை இவை.

இந்த உயிரினங்களுக்குக் குடும்பவாரியாக 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கும் முறை பிரிட்டனில் உருவானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை இந்திய ஆறுகளுக்கு ஏற்ப மாற்றி, மாசு தாங்கும் திறனுக்கான சப்ரோபிக் மதிப்பெண், பன்மைத்தன்மைக்கான மதிப்பெண் என இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஆற்றை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. பெட்டியுடன் வரும் வண்ண அட்டையோ பிரிட்டன் அட்டையின் நகல். நம் ஆற்றில் கிடைக்காத கேமரஸ் என்னும் சிற்றிறாலுக்குப் பெரிய படம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் வரும் நன்னீர் இறாலும் ஆற்று நண்டும் ஆப்பிள் நத்தையும் அட்டையில் இல்லை. வாரியத்தின் பட்டியலை அச்செடுத்து, உள்ளூர்ப் பூச்சிகளின் ஒளிப்படங்களைச் சேர்த்து நாங்களே ஓர் அட்டை தயாரித்துக்கொண்டோம். விலங்கியல் துறை உள்ள எந்தக் கல்லூரியும் இதைச் செய்யலாம். பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக்கூடாது: பாறை அடியையும் மணல் அடியையும் ஒப்பிடக்கூடாது. மணல் அடியில் நீர் தூய்மையாக இருந்தாலும் பூச்சிகள் குறைவு. மணல் அள்ளப்பட்டுக் களிமண் வெளிப்பட்ட இடத்தில் இன்னும் குறைவு. ஒரே வகை ஆற்றடியை மேலும் கீழும் தேர்ந்தெடுத்தால்தான் வேறுபாட்டைச் சாக்கடையின் கணக்கில் எழுத முடியும்.

பெட்டியில் இல்லாதவற்றுள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, கலங்கல் அளக்கும் குழாய். மழைக்காலத்தில் அது இல்லாமல் வேலை ஓடாது. மற்றொன்று, கண்ணால் கண்டதை எழுதும் படிவம். பாபநாசத்தில் நீராடுவோர் ஆற்றில் விட்டுச் செல்லும் துணிகள், கரையில் எரியும் குப்பை, நாணலும் மருதமும் வெட்டப்பட்ட கரை ஆகிய எதையும் வேதிப்பொருள் காட்டாது. ஆயினும் ஆற்றின் நலத்தில் இவை பாதி.

நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜனைக் குறிக்கும் பி.ஓ.டி. அளவை இந்தப் பெட்டியால் பெற முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 இல் நாடு முழுவதும் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளை மத்திய வாரியம் பட்டியலிட்டபோது, அளவுகோலாகக் கொண்டது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பி.ஓ.டி.யைத்தான், தமிழ்நாட்டின் ஆறு பகுதிகளுள் தாமிரபரணியும் ஒன்று. 27 பாகையில் மூன்று நாள் வைத்திருந்து அளக்க வேண்டிய சோதனை அது. சீரான வெப்பநிலைப் பெட்டி உள்ள கல்லூரிகள், இதே ஆக்சிஜன் புட்டிகளில் இரண்டை நிரப்பி, ஒன்றை அன்றே அளந்து மற்றொன்றை மூன்று நாள் இருட்டில் வைத்து அளந்தால், தோராயமான விடை கிடைக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் புட்டிகளை வாங்குவது தகும்.

வாங்கலாமா என்றால், கல்லூரிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் வாங்கலாம் என்பேன். மாற்று வினைபொருள்களைத் தனித்தனியாக விற்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க் குழுவாக இருந்தால் முழுப் பெட்டி வேண்டாம். ஆக்சிஜன் தொகுதி, வெப்பமானி, வலை, பாதரசம் இல்லாத அம்மோனியாச் சோதனை ஆகியவற்றைத் தனியாக வாங்குவது செலவையும் ஆபத்தையும் குறைக்கும். நொய்யல், அமராவதி, பாலாறு போன்று ஆலைக்கழிவின் உப்பால் அடிபட்ட ஆறுகளின் கரையில் இருப்பவர்கள் முதலில் நல்ல மின்கடத்துதிறன் மானியை வாங்கட்டும்.

கிடைத்த எண்களை எங்கே கொண்டுபோவது என்பதும் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது. 1974 ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி, வாரிய அதிகாரிகள் உரிய முறையில் எடுத்து முத்திரையிட்ட கழிவுநீர் மாதிரியின் முடிவே நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். நம் பெட்டியின் பதிவேடு நிற்காது. ஆனால் எந்தச் சாக்கடை வாயில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு ஆக்சிஜன் விழுகிறது என்று மாதக்கணக்கில் எழுதிவைத்த பதிவேட்டை மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுவோடு கொடுத்தால், அதிகாரிகள் எங்கே, எப்போது மாதிரி எடுக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அதற்கு, சுலோச்சனா முதலியார் பாலத்துக்கு மேலே ஓரிடம், சாக்கடை வாய்க்குக் கீழே ஓரிடம் என்று மாறாத இடங்களைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை தவறாமல் அளப்பது, ஆற்றின் முழு நீளத்தையும் ஆண்டுக்கொருமுறை நடந்து அளப்பதை விடப் பயன் தரும்.